ஐந்தரைக் கட்டை

சனிக்கிழமை மத்தியானங்களில் ஹெப்சிபா வாய் திறப்பதில்லை. பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் கறிவேப்பிலை கேட்டு வந்தால்கூடச் சைகைதான். "என்னம்மா, மௌன விரதமா? உங்க வேதத்துல அதெல்லாம் உண்டா?" என்று அவள் கேலி செய்வாள். ஹெப்சிபா சத்தமில்லாமல் சிரிப்பாள். சாயங்காலம் ஆறரைக்கு அவள் பொன்னாத்தாவாக மேடையேற வேண்டும். ஏறினால் இரண்டரை மணி நேரம் இறங்க வழியில்லை. அதுவரை தொண்டையைப் பொத்திப் பொத்தி வைத்திருக்க வேண்டும்.

'பொன்னாத்தா' அவள் கணவர் பெலிக்ஸ் எழுதி இசையமைத்த பாட்டு நாடகம். மலையடிவாரத்து ஊரில் ஒரு தாய். காட்டாற்று வெள்ளம் அவள் மகளை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இந்த ஆறு எங்கே பிறக்கிறதோ அங்கேயே போய்க் கேட்கிறேன் என்று அவள் கரையோரமாகவே மலையேறுகிறாள். வழியில் தேனெடுப்பவர்களோடும், வனக்காவலரோடும், காட்டோடும், மழையோடும் பாட்டிலேயே வழக்காடுகிறாள். மற்ற வேஷக்காரர்கள் வருவார்கள், போவார்கள். பொன்னாத்தா மட்டும் திரை விழுகிறவரை மேடையிலேயே இருப்பாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதென்றால்கூட, நாடகத்தில் வரும் சுனையில் குனிகிறபோது குடித்துக்கொண்டால்தான் உண்டு.

கடைசிப் பாட்டு ஒரு தாலாட்டு. ஊற்றுக்கண்ணுக்கு வந்து சேர்ந்த தாய், பிள்ளையைத் திருப்பிக் கேட்காமல், ஆற்றிடமே ஒப்படைக்கிறாள்.

'தூங்காத ஆறே, என் தங்கத்தை வச்சிருக்க,
ஏங்காம வச்சிரு, எழுப்பாம வச்சிரு.'

வார்த்தைகள்தான் பெலிக்ஸ் போட்டவை. மெட்டு ஹெப்சிபாவுடையது. மகள் ஷாரோனைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது வார்த்தையே இல்லாமல் முனகி முனகி அவளாக உண்டாக்கிய மெட்டு. ஷாரோனுக்கு ஆறு வயதில் டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கால்மாட்டில் உட்கார்ந்து அன்றைக்கும் அதையேதான் முனகிக்கொண்டிருந்தாள். பிள்ளை போன பிறகு ஐந்தாறு வருஷம் அந்த மெட்டு அந்த வீட்டில் கேட்கவில்லை. ஒரு நாள் பெலிக்ஸ் கீபோர்டில் அதைத் தடவித் தடவி வாசித்தார். அடுப்படியில் நின்ற ஹெப்சிபா வந்து கூடச் சேர்ந்து பாடினாள். அப்படித்தான் அந்த நாடகம் பிறந்தது. ஐந்தரைக் கட்டை. ஷாரோனுக்குப் பாடிய அதே சுருதி.

ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் நூல் வியாபாரக் குடும்பத்துக் கௌதம்ராஜ் பாட்டுப் பைத்தியம். பழைய பஞ்சு குடோன் ஒன்றை அரங்கமாக்கி, சனி ஞாயிறுகளில் 'பொன்னாத்தா'வைப் போட்டார். செட்டியார்பட்டியிலிருந்தும் சேத்தூரிலிருந்தும் சனம் வேன் பிடித்து வந்தது. ஹெப்சிபா நர்சரிப் பள்ளி வேலையை விட்டாள். பிள்ளைகளிடம் கத்திய தொண்டையோடு பொன்னாத்தாவைப் பாட முடியாது. கூட்டம் கூடக்கூட, கௌதம்ராஜ் மத்தியானம் ஒரு ஆட்டம் கூட்டினார். மூன்றாவது மாதம் திங்கட்கிழமை காலையில் எழுந்தால் ஹெப்சிபாவுக்குப் பேச்சே வரவில்லை. காற்றுதான் வந்தது.

மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். மண்வெட்டி பிடித்தால் கையில் காய்ப்புக் காய்க்கிற மாதிரி குரல் நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். அப்போதுதான் மத்தியான ஆட்டங்களுக்கென்று இன்னொரு பொன்னாத்தாவைத் தேடினார்கள். தேவதானத்திலிருந்து மாரிச்செல்வி வந்தாள். விவசாயக் குடும்பம், மில் வேலை, கோயில் கொடைகளில் பாட்டுக் கோஷ்டியோடு பாடிய பழக்கம். இருபத்திமூன்று வயது. ஹெப்சிபாவை 'அக்கா' என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். போஸ்டரில் அவள் பெயர் கிடையாது. மத்தியான ஆட்டத்தில் 'இன்று பொன்னாத்தாவாக மாரிச்செல்வி' என்று மைக்கில் சொன்னதும் பாதிப் பேர் உச்சுக் கொட்டுவார்கள். டிக்கெட்டைத் திருப்பிக் கேட்கிறவர்களும் உண்டு. 'ஸ்டெப்னி' என்று மேடைக்காரர்களே அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு தடவை ஹெப்சிபாவின் காதில் அது விழுந்தது. அப்படிச் சொன்னவனை அவள் எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டினாள்.

ஓய்வு கிடைத்ததில் தொண்டை தேறியது. அப்படித்தான் ஹெப்சிபா நம்பினாள். மாதம் போகப் போகத் தாலாட்டின் உச்சம் தானாக வந்து நின்றது. முன்னால் அந்த இடத்துக்கு வயிற்றை எக்க வேண்டும். இப்போது எட்டிக் கிளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துவிட முடிந்தது. ஜூலை மாதம் ஜெபக் கூடுகையில் எழுந்து நின்று, "கர்த்தர் என் தொண்டையைத் தொட்டுச் சொகமாக்கினாரு" என்று சாட்சி சொன்னாள். சபையே கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. பக்கத்தில் இருந்த பெலிக்ஸ் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். அழுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை பெலிக்ஸ் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். சர்க்கரை உள்ள மனுஷன், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். ஹெப்சிபா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அரங்கத்துக்கு நடந்தாள். மத்தியான ஆட்டம் நடக்கும்போது அவள் ஒருநாளும் அங்கே போனதில்லை. 'நீ கேட்டா உனக்குக் குழப்பம் வரும்' என்று பெலிக்ஸ் சொல்லியிருந்தார். அவளுக்கும், தன் சேலைக்கட்டில் இன்னொருத்தி நிற்பதைப் பார்க்க மனசு வரவில்லை.

பின்பக்கப் படியில் ஏறும்போது தாலாட்டு தொடங்கியிருந்தது. ஹெப்சிபா நின்றாள். நல்ல குரல். இளங்குரல். ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுக்காதவளின் குரல் என்று அவளுக்குத் தோன்றியது. அதில் கொஞ்சம் ஆறுதலும் வந்தது. தன்னை அறியாமல் கூடச் சேர்ந்து மெல்ல முனகினாள். முதல் அடியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது அடியில் தொண்டை இழுத்தது. உச்சத்துக்கு மாரிச்செல்வி ஏறினாள். ஹெப்சிபாவின் குரல் பாதி வழியில் நின்றுவிட்டது.

போன ஞாயிறு சாயங்காலம் எட்டிப் பிடித்த கிளை இன்று கைக்கு எட்டவில்லை.

தூக்குச்சட்டியைப் படியில் வைத்துவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்தாள். பாட்டுத் தெரிந்தவளுக்கு விளங்க எம்புட்டு நேரம் ஆகும்? கீபோர்டில் ஒரு பித்தானை அழுத்தினால் சுருதி இறங்கிவிடும், வாசிக்கிற விரல் மாற வேண்டியதில்லை. வயலின்காரர் தந்தியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் போதும். அப்படியானால் வயலின்காரருக்குத் தெரியும். மைக் வைப்பவனுக்குத் தெரியும். கூடப் பாடுகிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் ஒப்பனை அறைக்குப் போனாள். மாரிச்செல்வி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! நீங்க எங்க இங்கிட்டு? பேசக் கூடாதுல்லா!"

"எந்தக் கட்டைட்டி இப்ப பாடுனது?"

மாரிச்செல்வியின் கை நெற்றியிலேயே நின்றது.

"கேக்கேன்லா."

"அஞ்சரை, அக்கா."

"நான் பாடுறது?"

அவள் கண்ணாடியையே பார்த்தாள். கண் நிரம்பிவிட்டது. "என்கிட்டக் கேக்காதியக்கா. பெலிக்ஸ் சாரு சத்தியம் வாங்கிட்டாவ. நானா ஒண்ணும் செய்யலக்கா."

ஹெப்சிபா அவள் தோளில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு வெளியே வந்தாள். இவளை வெறுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். முடியவில்லை.

வாத்தியக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பெலிக்ஸ் மேடை ஓரத்தில் தனியாக வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மாறியது. ஹெப்சிபா தூக்குச்சட்டியைத் திறந்து முன்னால் வைத்தாள். "மொதல்ல சாப்பிடுங்க." அவர் பாதி சாப்பிடுகிறவரை பேசாமல் இருந்தாள்.

"எப்ப இருந்து எறக்குறிய?"

பெலிக்ஸ் சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்திருந்தார். மறைக்கப் பார்க்கவில்லை.

"ஏப்ரல்ல ஒரு அரை. அது உனக்குத் தெரியல. பொறவு ஜூன்ல இன்னொரு அரை. இப்ப நாலரையில நிக்குது."

"நான் ஜூலையில சாட்சி சொன்னேன்."

"ஆமா."

"பக்கத்துலதான இருந்திய."

"ஆமா."

"சபைக்கு முன்னால என்னைப் பொய் சொல்ல விட்டுட்டிய."

"ஹெப்சி, உன்னைய வெளிய உக்காரச் சொல்லிட்டு டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு. காய்ப்பு கரையாதாம். அந்த உச்சத்துக்கு இனிமே போனா ஒருநாள் கிழிஞ்சிரும், பொறவு பேச்சும் போயிரும்னாரு. உங்கிட்டச் சொன்னா நீ வேஷத்தையே விட்டுருவ. இல்லன்னா வேணும்னே அங்கயே போயி நிப்ப. ரெண்டும் எனக்குப் பயம். அதான் ஒனக்குத் தெரியாம..."

"சரி. எனக்கு எறக்குனிய. அவளுக்கும் எறக்கியிருக்கலாம்ல? ரெண்டு பேரும் ஒரே மாதிரி பாடிட்டுப் போயிருப்போம். எனக்கும் காலம் பூரா தெரியாமலே இருந்திருக்கும்."

வெளியே டீக்கடையில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எறக்கிப் பாத்தேன்," என்றார் பெலிக்ஸ். "முடியல. வாரத்துக்கு ஒரு மட்டமாவது அது இருக்க வேண்டிய எடத்துல வச்சுக் கேக்கணும் போல இருந்துச்சு. அங்கதான் நம்ம பிள்ளை இருக்கா, ஹெப்சி. கீழ எறக்கினா அவ இல்ல. வெறும் பாட்டுதான் இருக்கு."

"அப்ப நான் பாடும்போது அவ வரல."

பெலிக்ஸ் அழுதார். எச்சில் கையோடு முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இல்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ஹெப்சிபா கடைசிவரை அந்த ஒரு சொல்லுக்காக நின்று பார்த்தாள்.

அன்று சாயங்காலமும் அவள் பாடினாள். நாலரைக் கட்டையில். சனம் கைதட்டியது. யாரும் எதையும் குறையாகக் காணவில்லை. பாட்டு முடிந்து குனிந்து கும்பிடும்போது, தெருவில் யாரோ தவறவிட்ட பையை எடுத்து வைத்திருக்கிறவள் மாதிரி அவளுக்கு உடம்பு கூசியது.

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆட்டம். சாயங்காலம் ஒரே ஒரு ஆட்டம்தான், அதனால் ஹெப்சிபாதான் பொன்னாத்தா. ஏதாவது ஆனால் இருக்கட்டும் என்று மாரிச்செல்வியையும் வேனில் ஏற்றியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு, 'சாப்பாடு இருக்கு', 'லைட்டை அணைங்க' என்பதோடு நின்றிருந்தது. வேனிலும் ஹெப்சிபா மாரிச்செல்வி பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

மண்டபத்தில் மைக் சரிபார்க்கும்போது அவள் கீபோர்டு அருகில் போய் நின்றாள்.

"இன்னைக்கு அஞ்சரை வைங்க."

"வேண்டாம் ஹெப்சி."

"வைங்கன்னா."

"சொன்னேன்ல, கிழிஞ்சிரும். நீ என்ன சின்னப் பிள்ளையா? உன் கால்ல வேணா விழுதேன்."

முன்வரிசையில் விருந்தாளிகளை உட்காரவைத்துக்கொண்டிருந்த கௌதம்ராஜ், "ஏமம்மா, சுருதி பிரச்சினையா?" என்று அங்கிருந்தே கேட்டார். "ஒண்ணுமில்ல சார்," என்று சொல்லிவிட்டு ஹெப்சிபா உள்ளே போய்விட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. கோர்ட் ஊழியர்கள், பால்கோவா கடைக்காரர்கள், குடும்பம் குடும்பமாக வந்த பெண்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. எல்லாப் பாட்டையும் அவள் நாலரையிலேயே பாடினாள். மழையோடு வழக்காடினாள். சுனையில் குனிந்து தண்ணீர் குடித்தாள். நன்றாகத்தான் பாடினாள், அன்றைக்குப் போல அவள் பாடிப் பார்த்ததில்லை என்று மாரிச்செல்வி பிறகு சொன்னாள்.

தாலாட்டுக்கு முன்னால் பெலிக்ஸ் வழக்கமான முன்னிசையை வாசித்தார். முடிகிற இடத்தில் ஹெப்சிபா எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. பெலிக்ஸ் மறுபடி வாசித்தார். அவள் ஊற்றுக்கண்ணைப் பார்த்தபடி சும்மா நின்றாள். மூன்றாவது தடவை அவர் கை நின்றபோது, ஹெப்சிபா வாத்தியமே இல்லாமல், ஒரே சுரத்தை நீட்டி ஒரு கார்வை பிடித்தாள். ஷாரோனின் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிடிக்கிற கார்வை. எந்தச் சுருதியில் நிற்கிறாள் என்று பெலிக்ஸுக்கு உடனே தெரிந்தது. தனியாக விடவும் முடியாது, மேடையில் போய்த் தடுக்கவும் முடியாது. பித்தானை அழுத்திச் சுருதியை ஏற்றினார். வயலின்காரர் வில்லைத் தாழ்த்திக்கொண்டார்.

'தூங்காத ஆறே...'

முதல் அடி வந்தது. இரண்டாவது அடி வந்தது. தொண்டைக்குள் சுள்ளென்று இழுத்தது. அவள் நிறுத்தவில்லை. அடுத்த அறையில் தூங்குகிற பிள்ளைக்குக் கேட்க வேண்டும், ஆனால் எழுந்துவிடவும் கூடாது. அப்படி ஒரு அளவில் பாடினாள். 'எழுப்பாம வச்சிரு' என்ற உச்சத்துக்கு ஏறினாள். தொட்டாள். ஒரு மூச்சு நேரம் அது முழுசாக நின்றது. பெலிக்ஸ் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

அப்புறம் குரல் உடைந்தது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கை தானாகத் தொண்டைக்குப் போனது. வாய் திறந்தபடி இருந்தது, உள்ளிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

மண்டபம் அதை நடிப்பு என்று எடுத்துக்கொண்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கடைசியில் குரலையும் பறிகொடுக்கிறாள் என்று நினைத்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு மொத்தச் சனமும் எழுந்து நின்று தட்டியது. கௌதம்ராஜ், "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கிலேயே மெச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். திரை விழுந்ததும் மாரிச்செல்விதான் ஓடிவந்து பிடித்தாள். ஹெப்சிபா துப்பிய எச்சிலில் ரத்தம் இருந்தது.

மதுரை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "கொஞ்ச நாள்ல பேச்சு வரும். தாழ்ந்த சத்தத்துல வரும். பாட்டை மறந்துருங்க," என்றார். அவர் சொன்னபடியே ஆறு வாரத்தில் பேச்சு வந்தது, காற்று கலந்த பேச்சு. ஆவுடையம்மாள் இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை. பெலிக்ஸ் காலையில் எழுந்து காப்பி போட்டுக் கொடுப்பார், துணி துவைப்பார், தேவையில்லாமல் பக்கத்தில் வந்து உட்காருவார். அவர்மேல் அவளுக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவர் தொட்டால் ஒதுங்குவதில்லை. தானாக அவரைத் தொடுவதும் இல்லை.

போஸ்டரில் மாரிச்செல்வியின் பெயர் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் மறுபடி கேட்டார்கள் என்று அதே மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்டம் போட்டார்கள். மாரிச்செல்விக்கு மாற்றாக ஒரு கல்லூரிப் பெண்ணைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் தயாராகவில்லை. இரண்டு ஆட்டமும் மாரிச்செல்வியே பாடுவதாக ஏற்பாடு. காலையில் போன் செய்து, "அக்கா, ஒரு மட்டம் வாங்கக்கா, நீங்க வந்து பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்," என்று கெஞ்சினாள். ஹெப்சிபா சபைக்குப் போய்விட்டுப் பஸ் ஏறினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மாரிச்செல்வி மாறியிருந்தாள். காலை ஊன்றி நடந்தாள், காட்டைப் பார்த்துக் கை நீட்டியபோது பின்வரிசைப் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஹெப்சிபாவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தாலாட்டு வந்தது. முன்னிசையை பெலிக்ஸ் மூன்று தடவை வாசித்தார். இரண்டு தடவை மாரிச்செல்வி எடுக்காமல் நின்றாள். உச்சத்தில் ஏறி, ஒரு மூச்சு நேரம் நின்று, அப்புறம் மாரிச்செல்வி குரலை உடைத்தாள். அதே கிழிசல் சத்தம். அதே மாதிரி கை தொண்டைக்குப் போனது. அதே மாதிரி வாய் திறந்தபடி நின்றது.

முன்னால் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "இதுக்குத்தாம்ளா வந்தேன்," என்று சொல்லி அழுதாள்.

கீபோர்டில் பெலிக்ஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வாசித்தார். ஆனால் வாசித்தார்.

ஹெப்சிபா ஒப்பனை அறைக்குப் போனபோது மாரிச்செல்வி தலை நிமிரவில்லை.

"யாரு சொல்லித்தந்தா?"

"முதலாளி சொன்னாவக்கா. அன்னைக்கு யாரோ போன்ல படம் பிடிச்சிருக்காவ. அதப் போட்டுக் காட்டி, இப்படியே வேணும், சனம் அதுக்குத்தான் வருதுன்னாவ. சாரு வேண்டாம்னுதான் சொன்னாவ. முதலாளி கேக்கல." அவள் அழ ஆரம்பித்தாள். "ஒவ்வொரு மட்டமும் ஒங்களக் கொல்லுத மாதிரி இருக்குக்கா. வேஷத்த விட்டுட்டா எங்க அப்பா மூஞ்சில முழிக்க முடியாது. இப்பத்தான் ஊர்ல எம் பேரைச் சொல்லுதாவ."

ஹெப்சிபா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். பேசப் பேச மூச்சு வாங்கியது. இருந்தாலும் முழுசாகச் சொல்லி முடித்தாள்.

"இந்தா பாரு. நான் உடைக்கல. உடைஞ்சிருச்சு. எனக்கு எட்டல, அதான். ஒனக்கு எட்டுது. எட்டுதத எதுக்குட்டி உடைக்க? வாரம் நாலு மட்டம் இப்படிக் கிழிச்சன்னா ஒரு வருசத்துல நீயும் என்னை மாதிரி காத்துலதான் பேசுவ. அப்ப அந்தக் காலேஜ் பிள்ளைக்கும் இதையே சொல்லித்தருவாவ."

மாரிச்செல்வி தலையை ஆட்டினாள்.

"இன்னொண்ணு. ரெண்டு ஆட்டமும் நானே பாடுதேன்னு நிக்காத. அந்தப் பிள்ளை சீக்கிரம் தயாராகட்டும். மத்தியானம் அவளுக்குக் குடு. அவ பேரையும் போஸ்டர்ல போடச் சொல்லு. கேட்டு வாங்கு. ஒனக்காக எனக்குக் கேக்கத் தோணல."

"சாயங்காலம் எப்படிக்கா பாட?"

இதைச் சொல்வதற்குத்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"முழுசாப் பாடு. அது ஒரு பிள்ளையத் தூங்கவைக்கப் போட்ட மெட்டு. உடைஞ்ச சத்தத்துல எந்தப் பிள்ளை தூங்கும்?"

சாயங்கால ஆட்டத்துக்கும் அவள் இருந்தாள். இந்தத் தடவை மேடை ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் நின்றாள். மாரிச்செல்வி முதல் தடவையிலேயே தாலாட்டை எடுத்தாள். ஏறினாள், நின்றாள், அவசரமில்லாமல் இறங்கி வந்து கடைசி அடியைச் சத்தம் குறைத்துக் குறைத்து, ஒன்றுமே இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். எங்கேயும் ஒரு கீறல் இல்லை. கைதட்டல் மத்தியானத்தைவிடக் குறைவுதான். கௌதம்ராஜ் எழுந்து, என்ன ஆச்சு என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஹெப்சிபா பெலிக்ஸைப் பார்த்தாள். கண்ணை மூடி, தலை சாய்த்து, வாசித்து முடித்த விரல்களைக் கட்டையின் மேலேயே வைத்திருந்தார். முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. பிள்ளை போன பிறகு அவர் முகத்தில் அதை அவள் கண்டதில்லை. அவர் கேட்டுவிட்டார். யார் வருவதற்காகக் காத்திருந்தாரோ அவள் வந்துவிட்டாள். அவள் வந்த குரல் ஹெப்சிபாவுடையது இல்லை.

ஹெப்சிபாவும் காது கொடுத்துத்தான் கேட்டாள். நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. அதில் ஷாரோன் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் இருந்தது. கண்டக்டர் இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது பெலிக்ஸ் ஓடிவந்தார். சட்டை நனைந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"சொல்லாம வந்துட்டியே. செத்த நேரம் இருந்தா வேன்லயே போயிரலாம்ல."

அவள் தலையை அசைத்தாள்.

"ஹெப்சி, நான் இனிமே அத வாசிக்கல. இன்னைக்கே முதலாளிகிட்டச் சொல்லிருதேன். வேற ஆளைப் போட்டுக்கிடட்டும். நீ இல்லாம எனக்கு எதுக்கு அது?"

கம்பியைப் பிடித்திருந்த அவர் கையை அவள் பார்த்தாள். நரம்பு ஓடிய கை. அதன்மேல் தன் கையை வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளாகத் தொட்டாள்.

"வாசிங்க," என்றாள். பஸ் இரைச்சலில் கேட்காமல் அவர் காதை ஜன்னலோடு ஒட்டினார். "உங்களுக்கு அங்க பிள்ளை வாரா. எனக்கு வரல. எனக்கு வரலங்கதுக்காக நீங்களும் அவள விட்டுறாதிய."

"ஹெப்சி..."

"நான்தான் இனிமே கேக்க வரமாட்டேன். அதுக்கு மட்டும் கோவிச்சுக்கிடாதிய."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பெலிக்ஸ் கம்பியை விடாமல் இரண்டு எட்டுக் கூடவே நடந்தார். பிறகு விட்டார். பஸ் திரும்பும்போது ஹெப்சிபா பார்த்தாள்: மண்டபத்துக்குப் போவதா, பின்னாலேயே வருவதா என்று தெரியாமல், ஆட்டோக்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். பிறகு மெல்ல மண்டபத்துப் பக்கம் திரும்பி நடந்தார். அங்கே கீபோர்டு இன்னும் மேடையில் இருந்தது. கழற்றிக் கட்டி வேனில் ஏற்ற வேண்டும்.